டிரம் செட் இல்லாத வீட்டில் டிரம், பேஸ் டிராக்

கிட்டாரும் குரலும் மட்டும் வைத்து வீட்டில் எடுத்திருந்த நான்கு பாட்டுகளுக்கும் டிரம், பேஸ் டிராக் போட்டு முடித்தாயிற்று. மூன்று நன்றாக வந்திருக்கின்றன, ஒன்றை மறுபடி எடுக்கப் போகிறேன். ஆரம்பத்தில் என் கவலையெல்லாம் டிரம் சத்தம் நிஜம்போல இருக்குமா என்பதுதான். அது ஒரே சாயங்காலத்தில் தீர்ந்துவிட்டது. பல வாரம் இழுத்தது பேஸ் (பாட்டின் அடியில் ஓடும் தாழ்ந்த கிட்டார் ஒலி), அதிலும் ஒவ்வொரு பேஸ் நோட்டும் எந்த இடத்தில் நிற்கிறது என்கிற ஒரே விஷயம். அது பிடிபட்ட பிறகு அதே டிரம், அதே பாட்டு வேறு மாதிரி நடக்க ஆரம்பித்தது. செய்த வரிசையிலேயே, எண்களோடு எழுதுகிறேன்.

இடம் பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீடு. 10 அடிக்கு 10 அடி அறை, கீழே வீட்டுக்காரர் குடியிருக்கிறார். டிரம் செட்டுக்கு இடமும் இல்லை, அதை அடிக்க அனுமதியும் கிடைக்காது. கையில் இருந்தவை ஒரு பழைய லேப்டாப், இரண்டு உள்ளீடு உள்ள சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் கிட்டாரையும் கணினியோடு இணைக்கும் பெட்டி), காதை முழுசாக மூடும் ஹெட்ஃபோன், 25 கட்டை கொண்ட குட்டி மிடி கீபோர்டு (மிடி என்பது சத்தம் அல்ல, எந்த நோட், எப்போது, எவ்வளவு பலத்தில் என்ற தகவல் மட்டும்). பதிவு செய்யும் மென்பொருள் ரீப்பர். 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். டிரம்முக்கு எம்டி பவர் டிரம் கிட் 2 என்ற இலவச பிளக்-இன் (ரீப்பருக்குள் சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருள்). சத்தம் ஏற்கெனவே பக்குவம் செய்யப்பட்டு வருகிறது, கூடவே தயார் தாளங்களும் நிறைய இருக்கின்றன. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன், காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை.

முதல் பாட்டு 92 பிபிஎம் (நிமிடத்துக்கு 92 பீட்), நாலுக்கு நாலு, ஏ மைனர், எஃப், சி, ஜி என்று நான்கு கார்டு சுற்றி வரும். தயார் தாளங்களில் ஒன்றை இழுத்துப் போட்டேன். முதல் எட்டு பாருக்கு (பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று, இங்கே நான்கு பீட்) அருமையாக இருந்தது. சரணம் வரும்போது காது அதைக் கேட்பதையே விட்டுவிட்டது. அந்தத் தாளம் வாசித்தவருக்கு என் பாட்டு தெரியாது, எங்கே மூச்சு விடுகிறது, எந்த வார்த்தையில் அழுத்தம் விழுகிறது எதுவும் தெரியாது. இரண்டு தாளங்களை வெட்டி ஒட்டியும் பார்த்தேன், ஒட்டிய இடம் ஒவ்வொன்றும் தெரிந்தது. சரி, நாமே போடலாம் என்று வெற்று மிடி பக்கத்தைத் திறந்தேன்.

மிடியில் டிரம்முக்கென்று ஒரு பொது எண் வரிசை இருக்கிறது. கிக் (காலால் மிதிக்கும் பெரிய டிரம்) 36, ஸ்னேர் (சுளீரென்று ஒலிக்கும் சின்ன டிரம்) 38, மூடிய ஹை-ஹேட் (ஜோடி உலோகத் தட்டு) 42, திறந்த ஹை-ஹேட் 46, கிராஷ் 49, ரைடு 51 (இரண்டும் பெரிய உலோகத் தட்டுகள்), ஸ்னேர் விளிம்பில் குச்சியைத் தட்டும் சத்தம் 37. பெரும்பாலான டிரம் பிளக்-இன்கள் அடிப்படைத் துண்டுகளுக்கு இதைத்தான் பின்பற்றுகின்றன. ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தேன், வேலை பாதியாகக் குறைந்தது.

ஒரு பாரை 16 கட்டமாகப் பிரித்துக்கொண்டால் என் தாளம் இப்படி. கிக் 1, 8, 11 ஆகிய கட்டங்களில். ஸ்னேர் 5, 13. ஹை-ஹேட் எல்லா ஒற்றைப்படைக் கட்டங்களிலும். எழுதிப் பார்த்தால் இவ்வளவுதான். எல்லாவற்றையும் ஒரே பலத்தில் போட்டால் தையல் மெஷின் ஓடுவது போல இருக்கும். வெலாசிட்டி, அதாவது அடியின் பலம், 127 வரை போகும், அதில் நான் நிறுத்திய அளவு: முதல் கிக் 110, எட்டாம் கட்டத்துக் கிக் 84, பதினொன்றாவது 98. ஸ்னேர் 108இலிருந்து 112க்குள். ஹை-ஹேட் பீட்டின் மேல் விழும்போது 90 பக்கம், இடையில் விழும்போது 60இலிருந்து 68. அப்புறம் 10, 16 ஆகிய கட்டங்களில் ஸ்னேரில் 28இலிருந்து 35 வரைக்கும் மிக மெலிதான தட்டல்கள். இவை தனியாகக் காதில் விழாது, எடுத்துவிட்டால் மட்டும் ஏதோ குறைகிறது என்று தெரியும். தயார் தாளத்துக்கும் இதற்கும் சத்தம் ஒன்றுதான், பலம்தான் வேறு.

இருந்தாலும் ஒரு பாரை எழுதி அறுபது முறை ஒட்டினால் பழைய கதைதான். ரீப்பரின் மிடி பக்கத்தில் நோட்டுகளைச் சற்றே கலைத்துவிடும் ஹ்யூமனைஸ் வசதி இருக்கிறது, பயன்படுத்திப் பார்த்தேன், எனக்குப் பிடிக்கவில்லை. அது எல்லாவற்றையும் தற்செயலாகத்தான் நகர்த்துகிறது. வாசிப்பவரின் கை தற்செயலாக நகராது, ஒரே பக்கமாக, ஒரே பழக்கத்தோடு நகரும். அதனால் குட்டி கீபோர்டில் இரண்டு விரலால் கிக்கும் ஸ்னேரும் மட்டும் பாட்டின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை வாசித்துப் பதிந்தேன், குரலைக் கேட்டுக்கொண்டே. ஹை-ஹேட் அடுத்த சுற்றில். பிறகு குவான்டைஸை முழுசாகப் போடாமல் 60 சதவீதத்துக்கு மட்டும் போட்டேன், அதாவது ஒவ்வொரு நோட்டும் சரியான கட்டத்தை நோக்கிப் பாதி தூரத்துக்குக் கொஞ்சம் அதிகமாக நகரும், மீதி பிசிறு என் கையுடையது. பாட்டு முழுக்க வாசித்ததில் இன்னொரு லாபம், பல்லவி திரும்பி வரும்போது விரல் தானாகக் கொஞ்சம் அழுத்தமாக விழுந்திருந்தது. அதை எழுதி வரவழைத்திருக்க முடியாது.

இனி பேஸ்.

ஆம்பிள் பேஸ் பி லைட் என்ற இலவச பிளக்-இன் நல்ல சத்தம் தரும். கிக் விழும் மூன்று இடங்களிலும் பேஸையும் போட்டேன், கார்டின் மூல நோட், இடையில் ஒன்றிரண்டு ஐந்தாம் நோட். புத்தகங்களில் சொல்வதும் அதுதான், கிக்கோடு சேர்ந்து போ என்று. சேர்ந்துதான் போனது. ஆனாலும் பாட்டின் அடியில் ஏதோ தொடர்ந்து உறுமிக்கொண்டே இருப்பதுபோல ஒரு பாரம். ஈக்வலைசரில் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் கருவி) குறைத்தால் பேஸ் காணாமல் போனது, ஏற்றினால் பாரம் திரும்பி வந்தது. ஸ்னேர் வேறு தொளதொளவென்று கேட்டது. ஸ்னேர் சத்தத்தை மூன்று நான்கு தடவை மாற்றினேன், எதை வைத்தாலும் அப்படித்தான்.

கோயில் கொடைக் கச்சேரிகளில் பேட் (குச்சியால் தட்டும் எலெக்ட்ரானிக் டிரம்) வாசிக்கும் அண்ணன் ஒருவர் தெரிந்தவர். ரோலண்ட் ஆக்டாபேடும் குச்சியுமாக ஊர் ஊராகப் போய் வருபவர். ஒரு நாள் வந்து ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டார். ஒரு சரணம் முழுக்கக் கேட்டுவிட்டு, "தம்பி, டிரம்முல ஒண்ணும் இல்ல. பேஸை எங்க எடுக்குறன்னு பார்த்துப் போட்டிருக்க, எங்க விடுறன்னு பார்க்கல. ஸ்னேர் விழுற நேரத்துல பேஸ் வாயை மூடணும்" என்றார்.

திரையில் பார்த்தால் அவர் சொன்னது அப்படியே தெரிந்தது. ஒவ்வொரு பேஸ் நோட்டும் அடுத்த நோட் தொடங்கும் வரை நீண்டிருந்தது, இடைவெளி என்று ஒன்றே இல்லை. ரீப்பரில் ஒரு பீட் 960 டிக் என்கிற சின்னத் துண்டுகளாகப் பிரிந்திருக்கும். முதல் கட்டத்தில் தொடங்கும் பேஸ் நோட் 960ஐத் தாண்டி, ஸ்னேரின் மேலேயே ஏறி, எட்டாம் கட்டம் வரைக்கும் போயிருந்தது. அதை 900இல் வெட்டினேன். 92 பிபிஎம்மில் 60 டிக் என்பது ஏறத்தாழ 41 மில்லி விநாடி. அவ்வளவு சின்ன மௌனம். ஸ்னேர் உடனே முன்னால் வந்து நின்றது, அதன் சத்தத்தில் நான் கை வைக்கவே இல்லை. பதினொன்றாம் கட்டத்து நோட்டையும் இரண்டாவது ஸ்னேருக்கு முன்னால் அதேபோல வெட்டினேன். எட்டாம் கட்டத்து நோட்டை இன்னும் குட்டையாக, 150 டிக் மட்டும். பாரம் போய்விட்டது. ஈக்வலைசரில் செய்திருந்த எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கேட்டேன், அதுதான் நன்றாக இருந்தது.

அதன்பிறகு நோட்டின் நீளத்தை வைத்தே பாட்டைப் பிரிக்க முடிந்தது. சரணத்தில் குட்டையான நோட்டுகள், பல்லவியில் கொஞ்சம் நீளம், இடையிசையில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஸ்னேரைத் தாண்டி நீட்டல். வால்யூமைத் தொடாமலேயே பல்லவி பெரிதாகத் தெரிந்தது. பேஸ் டிராக் போடுபவர்கள் வேறு எதைச் செய்வதற்கு முன்பும் நோட்டின் முடிவுகளைப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஈக்வலைசர், கம்ப்ரசர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) பற்றியெல்லாம் எவ்வளவோ படித்திருந்தேன், இதை யாரும் முதல் பக்கத்தில் சொல்லவில்லை.

நீளம்தான் விஷயம் என்று தெரிந்த பிறகு மௌஸால் ஒவ்வொரு நோட்டாக வெட்ட மனம் வரவில்லை, விரலால் செய்ய வேண்டிய வேலை அது. ஒரு சபையின் பாடகர் குழுவில் வாசித்தவர் தன் பழைய நாலு கம்பி பேஸை விற்பதாகக் கேள்விப்பட்டு 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். கம்பிகள் கறுத்துப் போயிருந்தன. 45இலிருந்து 105 அளவு நிக்கல் செட் 1,400 ரூபாய். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோகக் கோடுகள்தான் ஃபிரெட்) தடித்த கம்பியின் உயரம் மூன்றரை மில்லிமீட்டர் இருந்தது, இரண்டரைக்குக் கொண்டு வந்தேன். பன்னிரண்டில் விரலை மெலிதாகத் தொட்டு வரும் ஒலியையும் அழுத்தி வரும் ஒலியையும் டியூனரில் ஒப்பிட்டு, அழுத்தும்போது ஏறியிருந்த கம்பிகளின் சேடிலை (கம்பி அமரும் சின்னத் தாங்கி) திருப்புளியால் பின்னுக்கு நகர்த்தினேன். ஒரு மணி நேர வேலை, கட்டாயம் செய்ய வேண்டியது, ஏனென்றால் பேஸ் சுருதி விலகினால் மேலே பாடும் குரல்தான் தப்பாகக் கேட்கும்.

இன்னொன்று, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சிலிருந்து ஒன்றரை அங்குல அகலத் துண்டு வெட்டி, பிரிட்ஜை ஒட்டிக் கம்பிகளுக்கு அடியில் செருகினேன். பழைய பேஸ் வாசிப்பாளர்கள் செய்துவந்த வேலைதான். கம்பி தட்டியதும் ஒலி சீக்கிரம் அடங்கிவிடும், நீளத்தைக் கட்டுப்படுத்துவது பாதி தானாக நடக்கும். ரொம்ப அழுத்திச் செருகினால் சுருதியே கேட்காமல் டொக் டொக் என்று வரும், கம்பியை லேசாகத் தொட்டால் போதும். நான்கில் இரண்டு பாட்டுகள் ஸ்பாஞ்சோடு எடுத்தவை.

பேஸை நேராக இன்டர்ஃபேஸின் கிட்டார் உள்ளீட்டில் செருகியதும் இரண்டு விதமான இரைச்சல். ஒன்று தாழ்ந்த உம்ம்ம், இன்னொன்று கிர்ர்ர் என்று அறுப்பது. முதலாவது லேப்டாப் சார்ஜரை உருவியதும் பெரும்பகுதி நின்றது, இரண்டு முள் சார்ஜர், எர்த் கிடையாது. பதிவு முழுவதும் பேட்டரியில்தான் ஓட்டினேன். மீதி இருந்த கொஞ்சம் உம்ம்ம் ஒரு வேடிக்கையான இடத்தில் காட்டிக்கொடுத்தது. ஜி நோட்டை நீட்டிப் பிடிக்கும்போது மட்டும் சத்தம் மெதுவாக அலையடித்தது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 100. தடித்த கம்பியில் மூன்றாம் ஃபிரெட் ஜி 49 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 98. இரண்டும் உரசுவதுதான் அந்த அலை. கேபிளை மாற்றி, நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பி உட்கார்ந்ததும் அதுவும் அடங்கியது. பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்பது இவ்வளவு முக்கியம்.

கிர்ர்ர் வந்தது ஃபேன் ரெகுலேட்டரிலிருந்து. எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் மின்சார அலையை வெட்டி வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கிறது, அந்த வெட்டல் பிக்கப்பில் ஏறிவிடுகிறது. மூன்றில் வைத்தால் பயங்கரம், ஐந்தில் வைத்தால் மிகக் குறைவு. மைக்கில் எடுப்பதாக இருந்தால் ஃபேனை அணைத்துவிடுவோம், பேஸ் நேராகக் கேபிளில் போவதால் காற்றுச் சத்தம் ஒரு பொருட்டே இல்லை, ஐந்தில் வைத்து சுகமாக வாசிக்கலாம். பின்னர் கெப்பாசிட்டர் வகை ரெகுலேட்டர் மாட்டச் சொன்னேன், எலெக்ட்ரீஷியன் கூலியோடு 500 ரூபாய் ஆனது, இப்போது எந்த வேகத்திலும் இரைச்சல் இல்லை.

அடுத்து நேரம். முதல் பதிவைக் கேட்டபோது பேஸ் எல்லா இடத்திலும் கொஞ்சம் சோம்பலாக விழுந்தது. என் கை அப்படி என்று நினைத்து இழுத்து இழுத்து நகர்த்திக்கொண்டிருந்தேன். கையைச் சந்தேகிப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. இன்டர்ஃபேஸின் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு ஒரு கேபிளைப் போட்டு, டிராக்கில் இருக்கும் கிளிக்கை (பீட்டைக் காட்டும் மெட்ரோனோம் ஒலியை) அப்படியே மறுபடி பதிந்து, இரண்டையும் பெரிதாக்கிப் பார்ப்பது. என் கணினியில் பதிந்தது 300 சாம்பிள் பின்னால் இருந்தது. விநாடிக்கு 44,100 சாம்பிள் என்ற கணக்கில் 300 என்றால் 6.8 மில்லி விநாடி. ரீப்பரின் ரெக்கார்டிங் அமைப்பில் இதைக் கழித்துக்கொள்ள ஒரு பெட்டி உண்டு, எண்ணைப் போட்டதும் சரியாகிவிட்டது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். சரிசெய்த பிறகு எடுத்த பேஸை நான் எங்கும் நகர்த்தவில்லை. சில இடங்களில் கிக்குக்கு 5, 8 மில்லி விநாடி பின்னால்தான் விழுகிறது, கேட்க நன்றாக இருக்கிறது, விட்டுவிட்டேன்.

வாசிக்கும்போது கவனம் முழுக்க இடது கையில். வலது கை தட்டும், நோட்டை நிறுத்துவது இடது கை விரலைத் தளர்த்துவதுதான். ஸ்னேர் வரும் இடத்தில் விரல் தளர வேண்டும், கம்பியை விட்டு முழுசாக எடுத்தால் திறந்த கம்பி முனகும், தொட்டபடியே தளர்த்த வேண்டும். பாட்டைப் போடாமல், டிரம்மோடு மட்டும் இந்த ஒன்றை நிறையப் பழகினேன். பழகப் பழக ஸ்னேரை நானே அடிப்பது போன்ற உணர்வு வந்துவிடும், அப்போதுதான் பதிவு பட்டனை அழுத்தலாம்.

மிக்ஸிங்கில் ஒரே ஒரு சிக்கல்தான் பெரியது, அது அறையினுடையது. ஸ்பீக்கரில் கேட்டால் ஏ நோட் மட்டும் பூதாகரமாக எழும்பியது. ஏ 55 ஹெர்ட்ஸ். 10 அடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரண்டு சுவர்களுக்கு இடையே இயல்பாகவே எழும்பும் ஒலி 56, 57 ஹெர்ட்ஸ் பக்கம். அதைப் புரிந்துகொள்ளாமல் 55இல் 6 டெசிபல் வெட்டிவிட்டு, காரில் போட்டுக் கேட்டால் ஏ மைனர் வரும்போதெல்லாம் தரையே இல்லை. வெட்டியதை எடுத்துவிட்டேன். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதை இந்த அறையில் ஹெட்ஃபோனில்தான் முடிவு செய்கிறேன், அது சதுர அறைகளுக்கெல்லாம் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

மற்றபடி கிக்குக்கு 60 ஹெர்ட்ஸை ஒதுக்கி, பேஸில் அதே இடத்தில் 2 டெசிபல் மட்டும் குறைத்து, பேஸை 90இலிருந்து 110 வரை கொஞ்சம் நிமிர்த்தினேன். இரண்டிலும் 35க்குக் கீழே வெட்டு. பேஸில் கம்ப்ரசர் 4க்கு 1, அட்டாக் 20, ரிலீஸ் 100 மில்லி விநாடி, ஊசி 4, 5 டெசிபல் இறங்கும் அளவு. கிக் விழும்போதெல்லாம் பேஸைத் தாழ்த்தும் சைடுசெயின் வித்தையையும் போட்டுப் பார்த்தேன், நோட் நீளங்கள் சரியாக இருந்ததால் தேவைப்படவில்லை, எடுத்துவிட்டேன்.

போனில் கேட்பவர்களுக்காக ஒரு வேலை. நம் ஊரில் பாட்டை முதலில் போன் ஸ்பீக்கரில்தான் கேட்கிறார்கள். தடித்த கம்பியின் எஃப் 43.7 ஹெர்ட்ஸ், அது அந்தக் குட்டி ஸ்பீக்கரில் வரவே வராது. பேஸ் டிராக்கைப் பிரதி எடுத்து, பிரதியில் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டி, மீதியில் கொஞ்சம் டிஸ்டார்ஷன் போட்டு, மூல டிராக்குக்கு 12 டெசிபல் கீழே கலந்தேன். தனியாகக் கேட்டால் நன்றாகவே இருக்காது. சேர்த்துக் கேட்டால் போனிலும் பேஸின் நடை காதுக்குப் பிடிபடுகிறது.

மூன்றாவது பாட்டு ஆறுக்கு எட்டு, நம் திருவிழா நடை. இங்கே என் இரண்டு விரல் தாளம் எடுபடவில்லை. கணக்கெல்லாம் சரி, கிக் ஒன்றில், ஸ்னேர் நான்கில், ஹை-ஹேட் ஆறு அடிகளிலும். பெரிய பீட் நிமிடத்துக்கு 72 வேண்டுமென்றால் ரீப்பரில் 108 என்று போட வேண்டும், அது கால் நோட்டை வைத்து எண்ணுகிறது. எல்லாம் செய்தும் பள்ளிக்கூட அணிவகுப்பு மாதிரிதான் வந்தது. பேட் அண்ணனையே கேட்டேன். ஆக்டாபேடில் மிடி அவுட் இருக்கிறது, சத்தம் எதுவும் பதிய வேண்டாம், அவர் கை விழுவது மட்டும் மிடியாக வந்தால் போதும், சத்தத்தைப் பிளக்-இன் தரும். தட்டுகளின் மிடி எண்களைப் பேடுக்குள்ளேயே 36, 38, 42 என்று மாற்றிக்கொண்டோம். குரலைக் கேட்டுக்கொண்டு ஒரே மூச்சில் பாட்டு முழுக்க வாசித்துக் கொடுத்தார்.

அவர் போன பிறகு அந்த நோட்டுகளைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாவது அடியும் ஆறாவது அடியும் கட்டத்துக்கு 20, 25 டிக் பின்னால், பாட்டு முழுக்க, கிட்டத்தட்ட ஒரே அளவில். அந்த வேகத்தில் 25 டிக் என்றால் 14, 15 மில்லி விநாடி. முதல் அடியும் நான்காவதும் கட்டத்தின் மேலேயே. அந்த ஆட்டம் முழுக்க இந்த இரண்டு அடிகளின் தாமதத்தில்தான் இருக்கிறது. எத்தனையோ வருடக் கச்சேரி அந்தக் கையில் இருக்கிறது, அதைக் குவான்டைஸ் செய்ய எனக்கு மனசே வரவில்லை, ஒரு நோட்டைக்கூட நகர்த்தாமல் வைத்திருக்கிறேன். பேஸில் நான் செய்தது ஒன்றாவது, மூன்றாவது, நான்காவது, ஆறாவது அடிகளில் வாசித்து, மூன்றாவதையும் ஆறாவதையும் அவர் கையோடு சேர்ந்து விழும்படி பார்த்துக்கொண்டு, ஆறாவதை மட்டும் மிகக் குட்டையாக நிறுத்தியது. அடுத்த பாரின் முதல் அடி விழுவதற்கு முன் ஒரு பொட்டு இடம் கிடைத்தால் போதும், கால் தானாகத் தட்டும்.

நான்காவது பாட்டுதான் மறுபடி எடுக்க வேண்டியது. பேஸெல்லாம் வாசித்து முடித்த பிறகு பாடும் தங்கை கேட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணா, அரைக் கட்டை இறக்கிக்கலாமா? மேல போகும்போது கத்துற மாதிரி வருது" என்றாள். அவள் சொன்னது நியாயம், ஆறு கட்டைச் சுருதியில் மேல்ஸ்தாயி வரிகள் இறுகித்தான் இருந்தன. டிரம்முக்குக் கட்டை கிடையாது, அது தப்பித்தது. பதிந்த பேஸை மென்பொருளில் அரைக் கட்டை இறக்கிப் பார்த்தேன், கம்பி தட்டும் சத்தம் குழைந்துவிட்டது. அதனால் நான்கு கம்பிகளையும் அரை இறக்கிச் சுருதி சேர்த்து, அதே விரல்களோடு மறுபடி வாசிக்கப் போகிறேன். இனி எந்தப் பாட்டுக்கும் பாடுபவரை உட்கார வைத்து, உச்ச வரியைப் பாட வைத்து, கட்டையை முடிவு செய்யாமல் பேஸைக் கையில் எடுப்பதாக இல்லை.

செலவுக் கணக்கு: பேஸ் 6,500, கம்பி 1,400, ரெகுலேட்டர் 500, நல்ல கேபிள் 600, மிடியை யுஎஸ்பிக்கு மாற்றும் கேபிள் 700, ஸ்பாஞ்ச் 20. ரீப்பர் உரிமம் தனி. பேட் அண்ணன் காசு வாங்க மறுத்துவிட்டார், அவர் குழுவின் அடுத்த கச்சேரிக்கு ஒரு அறிமுக இசை செய்து தருவதாகப் பேச்சு.

அடுத்த முறை மாற்றப்போவது சில. கிட்டாரையும் குரலையும் முதலில் எடுத்துவிட்டுப் பிறகு டிரம் போட்டது கஷ்டம், கிளிக் இருந்தும் கிட்டார் அங்கங்கே முந்தியிருந்தது. இனி தற்காலிகக் கிட்டார், குரல் ஒன்றை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு டிரம், பேஸ் இரண்டையும் முடித்துவிட்டு, அவற்றின் மேல்தான் உண்மையான கிட்டாரும் குரலும். பல்லவியில் வேகத்தை 92இலிருந்து 93க்கு ஏற்றிப் பார்க்கச் சொன்னார் அண்ணன், அதையும் தொடக்கத்திலேயே போட்டுவிட வேண்டும், பேஸ் பதிந்த பிறகு வேகத்தைத் தொட்டால் எல்லாம் மறுபடி. டிரம்மையும் பேஸையும் தனித்தனிக் கோப்பாக, 24 பிட், உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல், முன்னால் இரண்டு பார் கிளிக் வைத்து, கோப்பின் பெயரிலேயே பிபிஎம்மும் கட்டையும் எழுதி எடுத்து வைக்கிறேன். தங்கை அந்தக் கோப்பைப் போனில் போட்டுப் பாடிப் பழகிவிட்டு வருகிறாள், ஞாயிற்றுக்கிழமை நாலாவது பாட்டுக்குக் குரல் எடுக்கிறோம்.